பிள்ளை காசு எந்தக் கட்சியிலும் இல்லை

மகளே,

நீ இதைப் படிக்க இன்னும் பல வருஷம் ஆகும். இப்போது உனக்கு முதல் எழுத்து ஒன்றுதான் தெரியும், அதையும் சுவரில்தான் எழுதுகிறாய். பரவாயில்லை, அதுவரை சொந்தக்காரர்கள் படிக்கட்டும். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதைக் கவரில் போட்டு ஒட்டாமல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன். உன் காதுகுத்துக்குத் தாய்மாமன் வராமல் போனதற்கு நான்தான் காரணம், என் திமிர்தான் காரணம் என்று மேலூர்ப் பக்கம் போன வருஷத்திலிருந்து ஒரு பேச்சு ஓடுகிறது. ஒருநாள் அது உன்னிடமும் வரும். அதற்கு முன்னால் நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். கோபம் இல்லாத மாதிரி நடித்து எழுத எனக்கு வராது.

பதினெட்டு வயது முடிகிற நாளில் உனக்கு இரண்டு உரிமைகள் வரும். ஒன்று ஓட்டு. இன்னொன்று, நீ பிறந்த மாதத்திலிருந்து உன் பெயரில் நாங்கள் போட்டு வருகிற முதலீட்டுக் கணக்கு. உன் படிப்புக்கான பணம் அது. அதுவரை கார்டியன் என்ற முறையில் உன் அம்மாவின் ஒப்புதலில் ஓடும், அதற்குப் பிறகு உன் கையெழுத்துக்கு மாறும். இரண்டும் ஒரே பிறந்தநாளில் வருவதால் இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்று உனக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றவைக்க நம் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பணத்தைப் போடுவது, எடுப்பது, இதை மட்டும் செய்யாதே. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அறிவுரை என்றால் அலுப்பாக இருக்கும், தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டால் மேலே படி.

முதலில் உன் தாத்தா, என் அப்பா. மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பத்தில் கோளாறு என்று கீழே நின்று பார்த்தே சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றைக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை நான் சொல்லிக் குறியீட்டு நிதியில் போட்டார். நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேருகிற நிதி அது. யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், யாரையும் நம்ப வேண்டாம், அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். அடுத்து வந்த தேர்தலில் அவர் வாழ்நாளெல்லாம் வெறுக்கிற கட்சி டெல்லியில் உட்கார்ந்தது. மறுநாள் காலையில், காபி குடிப்பதற்கு முன்னால், எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். "அவனுக இருக்கிற வரைக்கும் ஒத்தப் பைசா போட மாட்டேன்டா" என்றார். இன்றுவரை போடவில்லை. இடையில் எத்தனையோ ஏற்றம் வந்துபோனது, அவர் பணம் வங்கியில் வட்டிக்குப் படுத்துக் கிடக்கிறது. சந்தை ஏறினால் அது பொய்யான ஏற்றம், ஜோடித்தது. இறங்கினால் அதுதான் நாட்டின் உண்மை முகம். இறங்குகிற அன்றைக்கு மட்டும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். தன் பணம் அதில் இல்லாததால் தான் ஜெயித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. ஓடாத பந்தயத்தில் ஜெயிக்கிறவரிடம் என்ன பேசுவது?

அடுத்து உன் மாமா, அம்மாவின் அண்ணன். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். எல்லாக் கட்சிக்கும் அடிப்பார். தன் கட்சிக்கு மட்டும் பாதி விலை, சில நேரம் அதுவும் இல்லை. அவர் கட்சிதான் தாத்தா வெறுக்கிற கட்சி. கைராசிக்காரர், வாய்ராசிக்காரர், போகிற இடமெல்லாம் நாலு பேரைச் சேர்த்துவிடுவார். போனில் ஒரு குழு வைத்திருந்தார். லாரி ஓனர், மருந்துக்கடைக்காரர், வாத்தியார், எல்லோரும் இருந்தார்கள். எந்தப் பங்கு ஏறும் என்று காலையில் அதில் எழுதுவார். காரணம் எப்போதும் ஒன்றுதான், நம்ம ஆட்சி. நெடுஞ்சாலை போடுகிறார்கள், சிமெண்டு வாங்கு. தலைவர் வெளிநாடு போயிருக்கிறார், அந்தக் கம்பெனியை வாங்கு. அதில் சிலது ஏறவும் செய்தது. ஏறுகிற வருஷத்தில் எதை வாங்கினாலும் ஏறும் என்று நான் சொன்னதற்கு, "மாப்ளைக்கு வயித்தெரிச்சல்" என்று அந்தக் குழுவிலேயே எழுதினார். லாரி ஓனர் கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார்.

இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு. நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். மாமா தன் கட்சி ஆட்சியில் சந்தை எத்தனை மடங்கு ஏறியது என்று ஒரு கணக்குச் சொன்னார். தாத்தா தன் கட்சி ஆட்சியில் அதைவிட ஏறியது என்று இன்னொரு கணக்குச் சொன்னார். இரண்டு பேருக்கும் போனில் ஆதாரம் இருந்தது. இரண்டு ஆதாரத்திலும் படம் இருந்தது, அம்புக்குறி இருந்தது. எலும்பைக் கடித்துக்கொண்டே இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்றார்கள். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, நீ படித்தவன்தானே, சொல் என்றார்கள்.

நான் கப்பலூர்ப் பக்கம் ஒரு ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிறவன். அழுத்தமானி, தராசு, வெப்பமானி, எதுவானாலும் அது காட்டுவது உண்மையா என்று பார்த்துச் சான்று கொடுப்பது என் வேலை. பொய் சொல்கிற கருவியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிடலாம். மனிதர்களை அப்படி வைக்க முடியாதது என் துரதிர்ஷ்டம். அந்த வாரம் உட்கார்ந்து இரண்டு பேர் சொன்னதையும் சோதித்தேன். பழைய விலைகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன, ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் போதும். தாத்தா, மந்திரிசபை பதவியேற்ற நாளிலிருந்து எண்ணியிருந்தார். மாமா, தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எண்ணியிருந்தார், தன் தலைவர் வரப்போகிறார் என்று தெரிந்த அன்றே சந்தை ஏறத் தொடங்கிவிட்டதாம். இரண்டு பேரின் கூட்டல் கழித்தலிலும் தப்பில்லை. தொடங்குகிற நாளைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன், ஜெயித்த கட்சி மாறியது. கொஞ்சம் பின்னே தள்ளினேன், திரும்பவும் மாறியது. விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தேன், விடை இன்னொரு பக்கம் சாய்ந்தது. எந்த விடை வேண்டுமோ அதற்கு ஏற்ற தொடக்க நாள் ஒன்று எப்போதும் கிடைத்துக்கொண்டே இருந்தது. தொடக்கப் புள்ளியை வாடிக்கையாளர் இஷ்டத்துக்கு நகர்த்த விட்டால் நான் சரிபார்க்கிற தராசிலும் எந்த மூட்டையும் எந்த எடையும் காட்டும்.

இன்னொன்று. இந்த நாட்டில் டெல்லியில் ஆட்சி மாறியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை சொற்ப முறை அளந்து பார்த்துவிட்டு ஒரு கருவிக்கு நான் சான்று கொடுத்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சொற்பத்திலும் ஒவ்வொரு முறையும் வேறொன்று நடந்திருக்கிறது. எங்கோ சண்டை வந்து எண்ணெய் விலை ஏறியிருக்கும், அமெரிக்காவில் வட்டியை உயர்த்தியிருப்பார்கள், வெளிநாட்டுப் பணம் உள்ளே கொட்டியிருக்கும் அல்லது ஓடியிருக்கும், ஒரு கிருமி உலகத்தையே வீட்டுக்குள் பூட்டியிருக்கும். ஆட்சி என்பது அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். அதுவும் எந்த நேரத்தில் வந்து சேர்ந்த ஆள் என்று பார். ஜனங்கள் கையில் காசு இல்லாதபோதுதான் பெரும்பாலும் ஆட்சியை மாற்றுகிறார்கள். தரைமட்டத்தில் ஒருவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுகிறார்கள். அங்கிருந்து எது எழுந்தாலும் புதியவருக்கு மாலை. காய்ச்சல் தானாக இறங்குகிற அன்றைக்கு வந்த டாக்டருக்குக் கைராசி என்று பேர் வருவதைப் போல. ஒரே நீராவிக் குழாயில் இரண்டு அழுத்தமானி மாட்டியிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்துதான் ஆடும். ஒரு முள் இன்னொரு முள்ளைத் தள்ளுகிறது என்று சொல்கிறவனை பாய்லர் பக்கமே விட மாட்டார்கள். நம் குடும்பத்தில் அவனுக்குத்தான் முதல் இலை போடுகிறார்கள்.

ஆட்சியால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் பொய்யன். மேலூர்ப் பக்கம் ஒரு குவாரிக்கு எதிராக ஒரு உத்தரவு வந்தால் மறுநாள் லாரி நின்றுவிடும், கல் அறுக்கிறவன் வீட்டில் அடுப்பு நின்றுவிடும். ஒரு வரி ஒரு தொழிலைக் கவிழ்க்கும், ஒரு ஒப்பந்தம் ஒருவனை மாடி கட்டவைக்கும். அதற்காகத்தான் ஓட்டு இருக்கிறது, யோசித்துப் போடு. ஆனால் ஒரு குவாரியை நிறுத்த முடிகிற கையால் நாட்டின் கம்பெனிகள் அத்தனையையும் சேர்த்து, தான் நினைத்த பக்கம், தான் நினைத்த மாதத்தில் நகர்த்த முடியாது. முடியும் என்று நம்புகிறவர்களுக்குத் தலைவன் தேவைப்படுகிறான், முதலீடு இல்லை. இதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரிடமும் சொன்னேன். தாத்தா, தொடக்க நாள் என்றால் அது பதவியேற்ற நாள்தான், இதில் என்ன ஆராய்ச்சி என்றார். மாமா, இம்புட்டுப் படித்தும் மாப்ளைக்கு நாட்டு நடப்பு தெரியவில்லையே என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்கள் இருவரும் ஒன்றுபட்டார்கள், நான் மடையன் என்பதில். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன் அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்களும் ஒரு கட்சிதாங்க. உங்க கட்சியில நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க, அம்புட்டுத்தான்."

உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோரிப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அதிகம் பேசமாட்டாள். உன் கணக்கில் மாதா மாதம் போகிற பணம் அவள் சம்பளத்திலிருந்து போகிறது. எதை எடுத்தாலும் மாற்றினாலும் அவள் போனுக்குத்தான் ஓடிபி வரும். அதனால் அண்ணன் அவளைத்தான் சுற்றினார், மாமனார் அவளைத்தான் சுற்றினார். தேர்தல் நெருங்க நெருங்க தாத்தா காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும், எல்லாவற்றையும் எடுத்துவிடு, அவர்களே திரும்ப வந்தால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பார். மாமா போனில், அந்தச் சவசவ நிதியை வித்துவிட்டு நான் சொல்கிற பங்குகளில் போடு, ஓட்டு எண்ணிக்கை அன்றைக்கு எகிறும் பார் என்பார். அவள் இருவருக்கும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாதம் பிறந்ததும் வழக்கம்போல் பணம் போனது.

அதே சமயத்தில்தான் உன் காதுகுத்து. மூன்று வயது முடிவதற்குள் அழகர்கோயிலில் வைத்து முடி எடுத்துக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும், மாமன் சீர் வர வேண்டும். நாள் குறிக்க மாமாவைத்தான் கேட்டார்கள். அவர் ஜோசியரிடம் போவதற்கு முன்னால் தேர்தல் அட்டவணையைப் பார்த்தார். ஓட்டு எண்ணுகிற நாளுக்குப் பிறகு வருகிற முதல் வளர்பிறை முகூர்த்தத்தை எடுத்துக் கொடுத்தார். காரணத்தையும் மறைக்கவில்லை. உனக்குப் போட வைத்திருந்த சங்கிலிப் பணம், தோட்டுப் பணம், பட்டுப்பாவாடைப் பணம், மொத்தத்தையும் தன் கட்சி ஜெயித்தால் ஏறும் என்று நம்பிய பங்குகளில் போட்டுவிட்டார். எண்ணிக்கை முடிந்ததும் விற்று, இரண்டு மடங்காகச் சீர் கொண்டுவரப் போகிறாராம். தங்கச்சி பிள்ளைக்கு ஊர் பார்க்காத சீர். நகைக்கடையில் சங்கிலியைப் பார்த்து, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, காசு கொடுக்காமல் வந்திருந்தார். உன் அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது நான் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

எண்ணிக்கை நாளன்று ஆலையில் பாதி லீவு. விழாவுக்கு அடிக்கிற ஃபிளெக்ஸில் பெயர்களில் தப்பிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி உன் அம்மா என்னை மேலூருக்கு அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டார்கள். ரோடு முழுக்க சிவப்புக் காகிதம், புகை, பஸ் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. மாமா சட்டை முழுக்க வண்ணப்பொடி தூவி ஆளாளுக்கு லட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஊட்டினார். உள்ளே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் உன் படத்தைக் காட்டினார். உன் தலைக்கு மேலே அவர் தலைவர். உனக்குப் பின்னால் பச்சையில் ஏறுகிற அம்புக்குறி. ஒரு ஓரத்தில் கைகூப்பியபடி அவர், அன்புடன் வரவேற்கும் தாய்மாமன். காதுகுத்துக்கு அம்புக்குறி எதற்கு என்று கேட்டேன். வளர்ச்சி மாப்ள என்றார். அப்போதுதான் அவர் போன் அடித்தது, பிறகு நிற்காமல் அடித்தது. லாரி ஓனர், மருந்துக்கடைக்காரர், வாத்தியார். எடுத்துப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு. வெளியே அடுத்த சரம் வெடித்தது. சத்தம் ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "செயிச்சாச்சுல்ல மாப்ள? அப்பறம் ஏன் எறங்குது?"

நான் சொன்னேன். உங்கள் கட்சி ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்து ஒரு மாதமாக அதை வைத்தே ஏற்றிவிட்டார்கள். இதைவிடப் பெரிதாக ஜெயிக்கும் என்று நினைத்திருந்தார்கள், நினைத்த அளவு வரவில்லை. சந்தை ஜெயிப்பதற்குக் கைதட்டுவதில்லை, நினைத்ததற்கு மேலா கீழா என்பதற்குத்தான் ஆடும். அவர் காதில் விழவில்லை. துரோகம் என்றார். யார் யாருக்குச் செய்த துரோகம் என்று சொல்லவில்லை. என் போனும் அடித்தது, தாத்தா. அவர் கட்சி தோற்றுப்போயிருந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியாடா, நான் சொன்னேன்ல" என்றார். தன் கட்சி தோற்றதைப் பற்றி அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா என் கண் முன்னாலேயே உன் அம்மாவைக் கூப்பிட்டார். பள்ளியில் மதிய இடைவேளை. ஸ்பீக்கரில் போட்டார், ரோட்டுச் சத்தத்தில் வேறு வழியில்லை. அடிமட்டத்துக்கு வந்திருக்கிறது, இப்போது அள்ளினால்தான் உண்டு, பிள்ளை நிதியை உடனே வித்து எனக்கு அனுப்பு, வாங்கிப் போட்டுச் சங்கிலியையும் எடுத்துவிடுகிறேன், ஓடிபி வரும், சொல்லு என்றார். உன் நிதியும் அதே அளவு விழுந்திருந்தது. விழுந்ததை விற்று விழுந்ததை வாங்கச் சொல்கிறார். விற்ற பணம் கைக்கு வரவே இரண்டு மூன்று நாளாகும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை.

"அண்ணே, நீ செயிச்சிருக்க. போய்க் கொண்டாடு" என்றாள் உன் அம்மா. "பிள்ள காசு எந்தக் கட்சியிலயும் இல்ல."

மாமா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறார். என் மடியில் உட்காரப் போகிற பிள்ளைக்கு நான் கெடுதல் நினைப்பேனா என்று கேட்டார். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன் என்றாள் அவள். "அப்பன்னா மடிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மேலூரில் யாரும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் அவர் பயந்து எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு விற்றார். மூன்றாம் நாள் சந்தை திரும்பியது. காதுகுத்துக்கு முன்னாலேயே பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஆட்சி அதேதான், தலைவர் அதேதான், புது மந்திரிகள் நாற்காலியில் சூடாக உட்காரக்கூட இல்லை. இறங்கியதற்கும் அவர்கள் காரணமில்லை, ஏறியதற்கும் இல்லை. தாத்தா அந்த ஏற்றத்தைப் பொய் என்றார். மாமா சீர் இல்லாமல் நின்றார்.

உன் அம்மா தினமும் அவருக்குப் போன் போட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, நான் தடுக்கவும் இல்லை. சீர் வேண்டாம் அண்ணே, சட்டையை மாட்டிக்கொண்டு நீ மட்டும் வா, மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினாள். கடைசி நாள் அவர் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள். "எங்க ஆட்சி வந்த வாரத்துல நான் வெறுங்கையோட வந்து ஒக்காரவா? ஊரு சிரிக்காதா?" தோற்றிருந்தால் வந்திருப்பார், மகளே. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. தோற்றவன் கையில் காசில்லாமல் வந்து நிற்கலாம். ஜெயித்தால் ஏறும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் ஜெயித்துவிட்டு வெறுங்கையோடு வர முடியாது. அவருக்கும் உனக்கும் நடுவில் வந்து நின்றது நான் இல்லை. ஒரு கட்சி ஜெயித்தால் தன் சட்டைப் பை நிறையும் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கை வந்து நின்றது. அதை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கோபத்தையெல்லாம் என் பக்கம் திருப்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

அவர் வரவில்லை. ஃபிளெக்ஸ் வந்தது. காலையில் கடைப் பையன்கள் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து அழகர்கோயில் மண்டப வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தலைவர், பச்சை அம்பு, மொட்டை போடுவதற்கு முந்தைய நீ, கைகூப்பிய தாய்மாமன். தாத்தா அதைக் கட்டக் கூடாது என்றார். கட்டுங்கள் என்றாள் உன் அம்மா. தாத்தா பந்தியில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே நுழைந்தவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்தார்கள், பிறகு ஆளைத் தேடினார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு, மாமன் எங்கே, நேரம் போகிறது என்றார். தாத்தா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அவனவன் சொந்தப் பிள்ளையைவிடக் கட்சியைப் பெரிதாக நினைத்தால் இப்படித்தான், நான் உட்காருகிறேன் என்றார், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி. யார் எதைச் சொல்வது என்று ஒரு முறை இல்லை?

"வேணாம் மாமா" என்றாள் உன் அம்மா தாத்தாவிடம். "நீங்களும் பிள்ள காச எடுக்கச் சொன்னவருதான." பிறகு அவளே மணையில் உட்கார்ந்து உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆசாரியிடம், குத்துங்க என்றாள். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நீ அலறிய அலறலில் மண்டபத்தில் இருந்த புறா எல்லாம் பறந்தது. அவள் உன் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள், உன் மொட்டையில் சந்தனத்தோடு அவள் கண்ணீரும் இருந்தது. அண்ணன் இல்லாத மணையில் உட்கார்வது அவளுக்கு எவ்வளவு பாரம் என்று அங்கே சாப்பிட்டுவிட்டுப் போன யாருக்கும் தெரியவில்லை. அவள் சித்தி ஒருத்தி, இலையை மடித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "மாமன் மடி இல்லாம குத்துன காதுடி, ரெண்டும் ஒரே மட்டமா நிக்காது. வயசுக்கு வரயில தெரியும்."

மாமா உன்னைத் தேடி வருவார். ஒரு வருஷமாகப் பேசவில்லை என்றாலும் வருவார், அவருக்கு உன்மேல் உயிர். அதைச் சந்தேகப்படாதே, அவர் வீட்டுக்குப் போ, அவர் ஊட்டுகிற லட்டைச் சாப்பிடு. நான் அவரோடு பேசுவேனா என்பது என் பிரச்சினை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் உன் கணக்கைப் பற்றிக் கேட்பார். யார் ஆட்சியாக இருந்தாலும் கேட்பார். அவர் கட்சி இருந்தால் போடச் சொல்வார், இல்லாவிட்டால் எடுக்கச் சொல்வார். தாத்தா இருந்தால் அதை அப்படியே தலைகீழாகச் சொல்வார். டிவியில் கோட்டுப் போட்டவன் இருவரையும்விட அழகாகச் சொல்வான். யாரிடமும் வாதாடாதே, நான் வாதாடிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஒன்று இருக்கும், அவள் கொடுத்தாள். விலை இல்லாமல் முடியும் என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம் நீ அழுது களைத்துத் தூங்கிய பிறகு, ஆலையில் நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணின் ஓரத்திலிருந்து துளைவரை, இரண்டு பக்கமும் அளந்தேன். உன் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காது ஒரு மயிரிழை கீழே இருக்கிறது. என் தொழிலில் அதைப் பிழை என்று எழுதமாட்டோம்.